கிணற்றுப் பக்கம், வாசல் பக்கம்: ஓர் ஊர் நாடகத்தின் இரண்டு மேடைகள்

## பின்னணி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்குள் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், டீக்கடையில் இரண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரள மாநிலம் உருவானபோது கோடு எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. பேச்சு மட்டும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்துவிட்டது. பாலக்காடு என்றால் பச்சைப் பசேல் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்தக் கிழக்கு மூலை ஏமாற்றம்தான். மழை குறைவு, கரிசல் மண், தென்னந்தோப்பு, கள்ளு. அப்புறம் காற்று. கணவாய் வழியாக வரும் காற்று கார்த்திகை மார்கழியில் துணி காயப்போட விடாது. மலையாளத்தில் இதற்கு விருச்சிகக் காற்று என்று தனிப் பேரே உண்டு. இந்தக் காற்று கதையில் பின்னால் வரும்.

ஊர் வாசகசாலையின் ஆண்டு விழா. வார்ஷிகம் என்றுதான் அங்கே சொல்வார்கள். 1945ல் திருவிதாங்கூரில் பி.என். பணிக்கர் முன்நின்று தொடங்கிய நூலக இயக்கம் கேரளம் முழுக்கப் பரவியதன் பலன், அங்கே சின்ன ஊர்களிலும் ஒரு வாசகசாலை இருக்கிறது. வார்ஷிகம் என்றால் சொற்பொழிவு, பிள்ளைகள் நடனம், கடைசியில் நாடகம். அந்த வருடம் தமிழ் நாடகம் போடுவதென்று முடிவானது.

எழுதியவர் பள்ளி ஆசிரியர். ஊரே அவரை 'மாஷ்' என்றுதான் கூப்பிடும். நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன். 70 நிமிட நாடகம், மூன்று காட்சி, எட்டு பாத்திரம். வற்றிப்போன கிணறு உள்ள தோப்பை விற்பதா வேண்டாமா என்று அண்ணன் தம்பி இருவருக்குள் தகராறு; நடுவில் அப்பா. அரங்கம் ஒன்றுதான். ஒரு பக்கம் கிணறு, இன்னொரு பக்கம் திண்ணையும் தெருவாசலும், பின்னால் வீட்டுச் சுவர்.

விழா நோட்டீஸில் போட்டிருந்தது: கதை, வசனம், இயக்கம், அரங்கம், ஒளி, இசை. ஆறுக்கும் எதிரே ஒரே பெயர்.

இதை மாஷின் அகம்பாவம் என்று சொல்ல மாட்டேன். தமிழ் மேடையில் 'இயக்குநர்' என்கிற ஆளுக்கு வயது குறைவு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துக் கம்பெனிகளில் இருந்தவர் வாத்தியார். பாட்டெழுதி, பாடம் சொல்லிக்கொடுத்து, தேவைப்பட்டால் வேஷமும் கட்டுவார். ஒரு ராத்திரிக்கு மட்டும் நடிகர்களைத் தனித்தனியாக அழைத்துப் போடும் ஸ்பெஷல் நாடகத்தில் அதுகூடக் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். அன்று மாலைதான் மேடைக்குப் பின்னால் முகம் பார்ப்பார்கள். ஒத்திகை இல்லை. எல்லாருக்கும் தெரிந்த கதை, மனப்பாடமான பாட்டு, பக்கத்தில் ஆர்மோனியம். போதும். மாஷ் வளர்ந்தது இந்த மரபைப் பார்த்து. ஆனால் அவர் எழுதியதோ விளக்கு மாறும், சத்தம் வரும், பொருள் கைமாறும் நாடகம். வாத்தியார் ஒருவர் சுமக்கிற எடை இல்லை அது.

நான் பொள்ளாச்சிக்காரன். கோவையில் ஒரு குழுவுக்குச் சில வருடம் மேடை மேலாளராக இருந்திருக்கிறேன். மாஷ் கல்லூரி நண்பர். கடைசி இரண்டு வாரம், 'வந்து ஒரு பார்வை பாரு' என்றார். போனேன்.

## ஒத்திகையில் கண்டது

ஒத்திகை வாசகசாலை மாடியில், இரவு 8 முதல் 10 வரை. மாஷ் எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொடுப்பார். நடிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவாக நடித்தவருக்கு 68 வயது. இளவயதில் தமிழ்நாட்டுப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் வேஷம் கட்டியவர். குரல் மாடிப்படி இறங்கி ரோட்டுக்குப் போகும்.

மூன்று விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, மாஷின் இடது வலது. மேடையில் இடது என்றால் பார்வையாளரைப் பார்த்து நிற்கிற நடிகரின் இடது. உலகமெங்கும் நாடகக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாஷ் எதிரே உட்கார்ந்து, 'இடது பக்கம் போ' என்பார். அது அவருடைய இடது. நடிகர்கள் ஐந்து வாரமாக அதற்குப் பழகிவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி புரிந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. விருந்தாளி வேறு.

இரண்டு, பொருள்கள். காட்சி இரண்டில் மூத்த மருமகள் தகரப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுப்பாள். நாடகத்தின் முடிச்சே அந்த இடம்தான். ஒத்திகையில் பெட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. வெறுங்கையால் திறந்து வெறுங்கையால் எடுத்தாள். 'அன்னிக்கு எல்லாம் வந்துரும்' என்றார் மாஷ்.

மூன்று, யாருக்கு என்ன வேலை என்று கேட்டால் வரும் பதில். 'எல்லாரும் எல்லாம் பாத்துக்குவோம்.' தச்சர் ஒருவர் சுவர்த் தட்டியும் கிணற்று மேடையும் செய்தார். மூன்றாம் காட்சியில் வாளியை உள்ளே வைக்கிற பொறுப்பும் அவருக்குத்தான் என்று பேச்சுவாக்கில் சொல்லப்பட்டது. வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பது மாஷ். லைட் போடுகிற பையன் கடைசி நாள்தான் வருவான். பள்ளிக் கலோத்ஸவ (கலைவிழா) நாடகங்களுக்கு லைட் போட்டுத் தேறியவன். முழு ஒத்திகை என்று நடந்தது ஒரே தடவை, அதுவும் லைட் இல்லாமல்.

மூலையில் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். உடை தைப்பவர். தினமும் வருவார், முழுசாகப் பார்ப்பார், நோட்டில் ஏதோ எழுதுவார், போய்விடுவார். அளவு குறிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

## 'சமயம்'

விழாவன்று காலை மாஷ் ஒரு தாளில் நேரப் பட்டியல் எழுதி மேடைக்குப் பின்னால் ஒட்டினார். நடிகர்களில் மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள் நான்கு பேர் என்பதால் தமிழ் எழுத்தில் எழுதினார். ஆனால் சொற்கள் அவருக்குப் பழகிய மலையாள மேடைச் சொற்கள். முதல் வரி: 'சமயம் – 6.00.' அடுத்த வரி: 'அரங்கு – 8.30.'

மலையாளத்தில் ஒப்பனைக்குச் 'சமயம்' என்பார்கள், நேரத்துக்கு 'ஸமயம்'. அவர்கள் எழுத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'ச'. மாஷ் எழுதியது 'ஒப்பனை 6 மணிக்கு'. நடிகர்கள் படித்தது 'நேரம் 6 மணி'. எதற்கு நேரம்? பொதுக்கூட்டமும் 6 மணிக்குத்தான். சரி, கூட்டத்தைச் சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டார்கள். சொற்பொழிவுக்கு யார் ஓடி வருவார்கள்? சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக 7.30க்கு வந்தார்கள்.

ஒப்பனைக்காரர் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வந்த மலையாளி. அவருக்கு வாய்மொழியாகச் சொன்னதால் குழப்பமில்லை. 6 மணிக்கே வந்து, பெட்டியைத் திறந்து, பவுடரைக் குழைத்து வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். குழைத்தது காய்ந்துபோய் மறுபடி குழைத்தார். எட்டு முகம், தலைக்கு 12 நிமிடம். கடைசி முகம் முடியும்போது மணி 9 தாண்டிவிட்டது.

## முதல் மேடை

8.30க்கு ஏற வேண்டிய திரை 9.10க்கு ஏறியது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. வாசகசாலைச் செயலாளர் அதில் கண்டிப்பானவர். அவர் மேல் தப்பில்லை. 70 நிமிட நாடகத்துக்கு 50 நிமிட மைக்தான் மிச்சம் என்பது திரை ஏறும்போதே தெரியும். தெரிந்தும் எதைச் சுருக்குவது என்று முடிவெடுக்க ஆள் இல்லை. மாஷ் அந்த நேரத்தில் மேடைக்குக் கீழே மைக் வயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் காட்சி நடக்கும்போதே காற்று கிளம்பிவிட்டது. சுவர்த் தட்டி மூங்கில் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டியது. பாய்மரம் மாதிரி உப்பியது. பின்னாலிருந்து முட்டுக்கொடுத்த கம்பு நகர, தச்சர் ஓடிப்போய் இரண்டு கையாலும் தட்டியைப் பிடித்துக்கொண்டார். நாடகம் முடியும்வரை விடவில்லை. விட முடியவில்லை. அதனால் மூன்றாம் காட்சியில் வாளி வரவில்லை. 'இந்த வாளிய எறக்கிப் பாருடா, தண்ணி இருக்குதான்னு' என்று அப்பா கை நீட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

அதற்கு முன்னால் பெட்டி. வீட்டிலிருந்து உடைகளைக் கொண்டுவர அந்தத் தகரப் பெட்டியைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். உடையை எடுத்துக்கொண்டார்கள்; பத்திரத்தை வைக்கவில்லை. பத்திரம் மாஷின் தோள்பையில். பை வாசகசாலை மாடியில். மூத்த மருமகள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஊக்குப் பாக்கெட் ஒன்று, இன்ச் டேப் ஒன்று, விழா நோட்டீஸ் ஒன்று. நோட்டீஸை எடுத்து மடித்து, 'இதுல அப்பா கையெழுத்து இருக்குது' என்றாள். சமயோசிதம்தான். ஆனால் ரோஸ் கலர் நோட்டீஸ். ஊரில் எல்லார் வீட்டிலும் அன்றைக்கு அது கிடந்தது. முன்வரிசையில் ஒரு பையன் சிரித்தான், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசிக் காட்சி. அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். மேடை முழுக்க இருட்டு, அவர் மேல் மட்டும் ஸ்பாட். மாஷ் கொடுத்த தாளில் 'இடது ஸ்பாட்' என்று இருந்தது. திண்ணை இருப்பது மாஷின் இடது. பையன் கலோத்ஸவத்தில் படித்தது நடிகரின் இடது. அங்கே இருப்பது கிணறு.

விளக்கு அணைந்தது, ஸ்பாட் எரிந்தது. காலிக் கிணற்றின் மேல் பளிச்சென்று ஒரு வட்டம். பேச்சு எங்கிருந்தோ இருட்டிலிருந்து வருகிறது. மணி 10 தாண்டி மைக்கும் போய்விட்டது. 40 விநாடி இருக்கும். பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். பிரமாதமான குறியீடு என்று நினைத்திருக்கிறார்கள்.

பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? பேச்சை நிறுத்தாமலேயே எழுந்து, மெல்ல நடந்து, கிணற்று மேடையில் போய் உட்கார்ந்து வெளிச்சத்துக்குள் முகத்தைக் கொடுத்தார். மைக் இல்லாத குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. அந்த அழகை மறக்க மாட்டேன். ஆனால் பேச்சு முடிந்ததும் இளைய மகன் தெருவாசலில் நுழைந்து திண்ணையைப் பார்த்து 'அப்பா' என்று விழுந்து அழ வேண்டும். ஐந்து வாரம் பழகியபடி நுழைந்தான், விழுந்தான், காலித் திண்ணையைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்பா 12 அடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

திரை விழுந்தது.

## மறுநாள்

மறுநாள் சாயங்காலம் எல்லாரும் கூடினோம். முதல் கால் மணி நேரம் லைட் பையன் மேல் பழி. அவன் தாளை எடுத்து நீட்டினான். 'இடது ஸ்பாட்னுதான எழுதியிருக்குது? நான் இடதுதான போட்டேன்?' மறுக்க முடியவில்லை.

பெரியவர் அவனைப் பார்த்து, 'உன் மேல தப்பில்ல தம்பி. எங்க காலத்துல ஸ்பாட்டு ஏது? வெளிச்சம் எங்க இருக்குதோ அங்க போய் நிக்கோணும்னு சொல்லிக்குடுத்தாங்க. போனேன்' என்றார். 'மகன் வருவான்ங்கறத மறந்துட்டேன், அவ்வளவுதான்.'

பத்திரம் பற்றிய பேச்சு வந்தபோது, உடை தைக்கும் அக்கா மெதுவாக நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். அளவு நோட்டு. ஒரு பக்கத்தில் மார்பு 36, கை 9, உயரம் 14. அதே பக்கத்தின் கீழே பென்சிலில்: 'மூத்த மருமக பொட்டி தொறக்கும்போது பத்திரம் உள்ள இருக்கோணும். யாரு வெக்கறது?' தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது. அடுத்தடுத்த பக்கங்களில், 'தச்சரு வாளிக்குப் போனா தட்டிய யாரு பாக்கறது?' 'சின்னவனுக்கு ரெண்டாஞ் சீன்ல சட்ட மாத்தறதுக்கு ரெண்டு நிமிசம் பத்தாது.' இப்படி 20க்கு மேல்.

'ஏன் அக்கா கேக்கல?' என்றேன்.

'கேக்கலாம்னுதான் இருந்தேனுங். துணி தைக்கறவளுக்கு நாடகத்துல என்ன பேச்சுன்னு விட்டுட்டேன்.'

மாஷ் அந்த நோட்டை வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவில் இதே நாடகத்தைப் போட ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: 'அக்கா, இனி நீங்க சொல்றபடி.'

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மேடை மேலாளர். அக்காதான். திரை ஏறுவதற்கு முன்புவரை நாடகம் இயக்குநருடையது. ஏறிய பிறகு மேடை மேலாளருடையது. எந்த விளக்கு எப்போது, எந்தச் சத்தம் எப்போது, யார் எப்போது நுழைவது என்று முழுக்கக் குறித்த பிரதி ஒன்று அவர் கையில் இருக்கும். அவர் சொன்னால்தான் எதுவும் நகரும். என்னையே பார்க்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். நாடகம் தெரிந்தவன் என்பதைவிட இந்த நாடகத்தை ஒரு நாள் விடாமல் பார்த்தவர் என்பதுதான் இந்த வேலைக்குத் தகுதி.

மாஷுக்கு முதலில் ஒப்பவில்லை. 'அப்போ நாடகத்தன்னைக்கு எனக்கென்ன வேலை?'

'சேர்ல உக்காந்து பாருங்க மாஷே. இத்தன நாளா நீங்க ஒரு தடவகூட முழுசாப் பாக்கலீங்களே' என்றார் அக்கா. அவர் கிண்டல் செய்யவில்லை; உண்மையிலேயே அது நடந்ததில்லை.

இடது வலது. நான் நடிகரின் இடது வலதுக்கு எல்லாரையும் மாற்றிவிடலாம் என்றேன். ஐந்து வாரப் பழக்கத்தை மூன்று வாரத்தில் மாற்றினால் இன்னும் குழம்பும் என்றார் பெரியவர். அக்கா கேட்டார்: 'கெணத்துப் பக்கம், வாசப் பக்கம்னு சொன்னா ஆகாதுங்களா?' கிணறும் வாசலும் எங்கிருந்து பார்த்தாலும் அங்கேதான் இருக்கும். கிணறு என்றால் மலையாளத்திலும் கிணறுதான். அன்றோடு அந்தத் தகராறு தீர்ந்தது. பிரெஞ்சு நாடகக்காரர்களும் இடது வலது சொல்லாமல் 'முற்றப் பக்கம்', 'தோட்டப் பக்கம்' என்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். பாரிஸில் துயிலரி அரண்மனை அரங்கத்துக்கு ஒரு பக்கம் முற்றமும் மறுபக்கம் தோட்டமும் இருந்ததால் வந்த வழக்கமாம். அக்காவிடம் சொன்னேன். 'அவங்களுக்கும் இதே கொழப்பம் வந்திருக்கும்' என்றார்.

பொருள் மேசை. கிணற்றுப் பக்கம் ஒரு நீள பெஞ்ச். அதில் வெள்ளைத்தாள் விரித்து, மேடைக்குப் போகும் ஒவ்வொரு பொருளையும் அதன் இடத்தில் வைத்துச் சுற்றி மார்க்கரால் கோடு. பத்திரம், சொம்பு, வெத்தலைப் பெட்டி, டார்ச், மருந்துப் புட்டி. கோட்டுக்குள் ஒன்றும் இல்லை என்றால் பொருள் போயிருக்கிறது அல்லது தொலைந்திருக்கிறது. படிக்கக்கூடத் தெரிய வேண்டாம். பொறுப்பு ஒரே ஆளுக்கு: மருமகளாக நடித்த பெண்ணின் தங்கை. வேறு யாரும் பெஞ்சைத் தொடக்கூடாது, நடிகர்கள் உட்பட.

அரங்கம். தச்சருக்கு அரங்கம் மட்டும். வாளி பெஞ்சுக்குப் போய்விட்டது. முட்டுக் கம்பு ஒவ்வொன்றுக்கும் மணல் கட்டிய இரண்டு சிமெண்ட் சாக்கு. துணிச் சுவருக்குப் பதிலாகத் தென்னங்கீற்றுத் தட்டி; காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடும். கீற்று ஊரில் சும்மா கிடைக்கும். இதில் ஒரு புதுத் தொல்லை வந்தது: கீற்றின் இடுக்கு வழியாகப் பின்மேடை வெளிச்சம் கசியும். அங்கே இருந்த டியூப்லைட்டை அணைத்துவிட்டு நீலத்தாள் சுற்றிய இரண்டு பல்பு போட்டோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மேடைக்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், போக வர இரண்டு வாயில் என்று அளவு சொல்லிவிட்டு, தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்கிறது. தேவையில்லாத நிழலும் தேவையில்லாத வெளிச்சமும் அன்றைக்கும் தொல்லைதான் போலிருக்கிறது.

விளக்குக்குச் சைகை. லைட் போர்டு கூட்டத்துக்குப் பின்னால், அக்கா மேடை ஓரத்தில். செல்போனை நம்ப வேண்டாம் என்றேன். எலக்ட்ரீஷியன் ஒருவர் வயர் இழுத்து, பையன் கண்ணுக்கு நேரே சிவப்பு ஜீரோ வாட் பல்பு ஒன்றைப் பொருத்தினார். சுவிட்ச் அக்காவிடம். எரிந்தால் தயாராக இரு, அணைந்தால் மாற்று. ஏன் அணையும்போது? எரிவதைக் கவனிக்காமல் போகலாம். எரிகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு அது அணைவது தப்பாது.

எடுத்துக்கொடுப்பவர். தனி ஆள். இந்த வேலை பார்க்கிறவரின் கண் வசனத்தை விட்டு அகலக்கூடாது, மேலாளரின் கண்ணோ மேடையை விட்டு அகலக்கூடாது. இரண்டையும் ஒருவரே பார்த்தால் ஏதோ ஒன்று போகும்.

சொற்கள். நேரப் பட்டியலில் 'சமயம்' போய் 'மேக்கப்' வந்தது. எழுதி ஒட்டியதோடு நிற்காமல் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார் அக்கா.

நோட்டீஸ். புது நோட்டீஸில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் போட வேண்டும் என்றார் மாஷ். அச்சில் பெயர் வருவதால் என்ன ஆகிவிடும் என்று நான் அலட்சியமாகச் சொன்னேன். தப்பு என்னுடையது. 'பொருள் பொறுப்பு' என்று தன் பெயரைப் பார்த்த அந்தத் தங்கைப் பெண், திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பே பெஞ்சைக் கழுவி வைத்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொழில்நுட்ப ஒத்திகை. நடிப்பு தேவையில்லை, விளக்கு, சத்தம், பொருள் மாறும் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவித் தாவிப் போக வேண்டும். எண்ணிப் பார்த்தால் விளக்கு 19, சத்தம் 6, பொருளும் அரங்கமும் 11. மொத்தம் 36 சைகை. 70 நிமிட நாடகத்துக்கு நான்கு மணி நேரம் பிடித்தது. பெரியவர் திண்ணையிலேயே தூங்கிவிட்டார். இளைய மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, 'ஒரு வசனம்கூடப் பேசல, இதுக்கு எதுக்கு நான்?' என்றான். சின்னவன் சட்டை மாற்ற இரண்டு நிமிடம் போதாது என்பது அங்கேதான் கடிகாரம் வைத்துத் தெரிந்தது. பொத்தானை எடுத்துவிட்டு உள்பக்கம் வெல்க்ரோ பட்டை தைத்தார் அக்கா. 40 விநாடியில் மாறியது.

## இரண்டாம் மேடை

6 மணிக்கு மேக்கப், 8.30க்குத் திரை. இரண்டும் நடந்தன. காற்று முதல் நாளைவிட அதிகம். கீற்றுத் தட்டி சலசலத்தது, சாயவில்லை. அந்தச் சலசலப்பு தோப்புக்குள் இருப்பதுபோலவே இருந்தது; அதை யாரும் திட்டமிடவில்லை. பெட்டியில் பத்திரம் இருந்தது. வாளி வந்தது.

கடைசிக் காட்சிக்கு ஒரு மாற்றம். முதல் நாள் கைதட்டல் மாஷ் மனதை விட்டுப் போகவில்லை. ஸ்பாட் முதலில் காலிக் கிணற்றின் மேல் ஐந்து விநாடி நிற்கட்டும், பிறகு திண்ணைக்கு வரட்டும் என்றார். தப்பாகப் போன ஒன்றைத் தெரிந்தே வைத்துக்கொள்வதா என்று எனக்குத் தயக்கம். தொழில்நுட்ப ஒத்திகையில் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். நன்றாக இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. வசனம் எடுத்துக்கொடுத்த பெண்ணின் குரல் தொங்கவிட்ட மைக்கில் இரண்டு இடத்தில் கேட்டது. மைக் எங்கே தொங்குகிறது என்பதை அவளை உட்கார வைக்கும்போது யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் காட்சி முடிவில் சிவப்பு பல்பு அணைந்தும் பையன் மூன்று விநாடி தாமதம். பிறகு கேட்டால், காட்சியில் லயித்துவிட்டானாம். மாஷ் 20 நிமிடம் சேரில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பழக்க தோஷத்தில் எழுந்து மேடைப் பக்கம் வந்து, திரை இடுக்கில் நின்றுகொண்டு கையால் ஜாடை காட்டத் தொடங்கினார். அக்கா பிரதியிலிருந்து தலையைத் தூக்காமல், 'மாஷே, வெளிய' என்றார். போய்விட்டார்.

9.42க்குத் திரை விழுந்தது. இளைய மகன் இந்தத் தடவை அப்பாவைத்தான் கட்டிக்கொண்டு அழுதான்.

## மாற்றிச் செய்வதாக இருந்தால்

மேடை மேலாளரை முதல் ஒத்திகையிலேயே நியமித்திருப்பேன். அக்கா மூன்று வாரத்துக்கு முன் எழுதிய கேள்விகளில் பாதி, கேட்ட அன்றே தீர்ந்திருக்கும். உடை, அரங்கம், பொருள் என்று பின்னால் வேலை செய்கிறவர்களை வாரம் ஒரு நாள் வட்டமாக உட்கார வைத்து, 'எது இன்னும் யாருடைய வேலை என்று தெரியவில்லை' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பொருள்கள் இரண்டாம் வாரத்திலிருந்தே ஒத்திகைக்கு வர வேண்டும். நிஜப் பத்திரம் வேண்டாம், பழைய பேப்பர் ஆனாலும் கையில் ஒன்று இருக்க வேண்டும். லைட் பையனுக்குக் குறைந்தது இரண்டு முழு ஒத்திகை. எடுத்துக்கொடுப்பவரின் நாற்காலியும் மைக்கும் ஒரே நேரத்தில் முடிவாக வேண்டும். நேரம் தப்பினால் எந்தப் பக்கத்தை வெட்டுவது என்று பிரதியில் முன்கூட்டியே கோடு போட்டிருக்க வேண்டும். இதை இரண்டாவது தடவையும் நாங்கள் செய்யவில்லை, தேவைப்படாமல் தப்பித்தோம்.

விருந்தாளியாக வந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கக்கூடாது என்பது எனக்கு மட்டும்.

அந்தக் குழு அடுத்த வருடமும் நாடகம் போட்டது. கதை ஒரு ரேஷன் கடையில் நடக்கிறது. கிணறும் இல்லை, வாசல் திண்ணையும் இல்லை. ஒத்திகைக்குப் போயிருந்தேன். அக்கா நோட்டும் கையுமாக நின்றுகொண்டு ஒரு புதுப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: 'நீ மூட்டையத் தூக்கீட்டுக் கெணத்துப் பக்கமா உள்ள வரோணும்.' பையன் எந்தக் கிணறு என்று கேட்கவில்லை. சரியான பக்கமாகத்தான் வந்தான்.